பலகை மிதித்த கால்

காளிதாஸுக்கு வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. கை, கால், வாயின் ஒரு ஓரம், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "ஓல்டான்." லாரி பின்னால் வரும்போது நிறுத்தச் சொல்லி கிளீனர் பாடியைத் தட்டிக் கத்துவானே, அந்தச் சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஓல்டான், துணி நனைந்துவிட்டாலும் ஓல்டான், வந்தவர்கள் நலம் விசாரித்தாலும் ஓல்டான். என்ன கேட்கிறான் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முகமும் பாதிதான் வேலை செய்தது.

அவன் மனைவி உஷாராணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுது முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு வேலை இருந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அவர்கள் வீடு. வாசலில் பிக்கப் வண்டி நிற்கும். பின்பக்கம் சிறிய கிரேனும் கொக்கியும் வைத்த வண்டி. மலையில் பழுதாகி நின்றுபோன கார்களின் முன்சக்கரங்களைக் கொக்கியில் தூக்கி மாட்டி, கீழே இழுத்து வருவது தொழில். கொக்கி வைப்பதற்கு முன்பு இரும்புக் கம்பியில் கட்டி இழுத்தார்கள். அப்போது பின்னால் வரும் செத்த காரில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அந்த ஆள் உஷாராணி. எஞ்சின் ஓடாத காரில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். முன்னால் போகும் பிக்கப்பின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்தே, காளிதாஸ் எந்த வளைவில் எப்போது மிதிப்பான், எவ்வளவு மிதிப்பான் என்பது அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

நாமகிரிப்பேட்டையில் அப்பன் வீட்டு டிராக்டரை ஓட்டிப் பழகியவள்தான். லைசென்ஸும் இருந்தது. காளிதாஸ் படுத்ததும் சொந்தக்காரர்கள் வண்டியை விற்கச் சொன்னார்கள். விற்றுத் தின்று தீர்த்த பிறகு என்ன செய்வது என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

பகலில் காளிதாஸைப் பார்த்துக்கொள்ள மல்லசமுத்திரத்திலிருந்து அவன் அக்கா ஆராயி வந்து தங்கினாள். கல்யாணம் கட்டி, கணவனையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போய் வந்தவள். உஷாராணிக்கு நங்கை முறை. இரண்டு பேருக்கும் பேச்சில் ஒத்துவராது, வேலையில் ஒத்துவரும். ஒருத்தி தோளைப் பிடித்தால் மற்றவள் கேட்காமலே இடுப்பைப் பிடிப்பாள். காளிதாஸை வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தார்கள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை.

பாதம் தொங்கிப்போகாமலிருக்கக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகையை நிறுத்தி, உள்ளங்கால் அதில் படும்படி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். உஷாராணி லாரி பாடி கட்டும் பட்டறையில் கேட்டு ஒரு பலகை வாங்கி வந்து அடித்தாள்.

அந்தப் பலகையைத்தான் அவன் மிதிக்கத் தொடங்கினான். செத்துப்போன வலது காலால்.

முதலில் பார்த்தவள் ஆராயி.

"ஏம் புள்ள, மத்தியானம் மலை எறங்கீட்டு இருந்தியா?"

"ஆமாங்க நங்கையா. ஏனுங்க?"

"தம்பி காலு பலகைய மிதிச்சுது."

"காலுக்கு இழுப்பு வருமுன்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்கல்ல."

"இழுப்புன்னா ஒரேயடியா இழுக்கோணும் சாமி. இவன் மிதிக்கறான், உடறான், மறுக்கா மிதிக்கறான். வளைவுக்கு வளைவு."

"அப்புறம்? ஆரனும் அடிச்சாரா?"

"சிரி, சிரி. நீ ஊட்ல இருக்கறப்ப ஏன் மிதிக்கறதில்ல? அதச் சொல்லு."

உஷாராணி சாவியை ஆணியில் மாட்டினாள். உள்ளே போய்க் கணவனின் காலைப் பார்த்தாள். வேட்டிக்கு வெளியே, யாரோ கழற்றி வைத்த பொருள்போலக் கிடந்தது. தொட்டாள். முழங்காலுக்குக் கீழே சதை இன்னும் இறுகியிருந்தது. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வருபவனின் கால் அப்படித்தான் இருக்கும்.

சில வாரம் கழித்து ஒரு நாள், மலையில் பாதி இறங்கிய இடத்தில் ஒரு பஸ் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. உஷாராணி மிதித்த மிதியில், கொக்கியில் தொங்கிய கார் பின்னாலிருந்து ஒரு முட்டு முட்டியது. நின்றுவிட்டது. பஸ் டிரைவர் ஏதோ திட்டினான், இவளும் ஏதோ திட்டினாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபோது ஆராயி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பஸ்ஸு ஏதாச்சும் குறுக்க வந்துச்சா?"

உஷாராணி யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. உள்ளே பலகை நடுவில் பிளந்திருந்தது. காளிதாஸ் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை. "ஓல்டான்," என்றான், மெதுவாக.

அவள் கையைக் கழுவினாள். அவன் வியர்வையைத் துடைத்து, சட்டையை மாற்றினாள். பிறகு சுத்தியலை எடுத்துவந்து வேறு பலகை அடித்தாள். முன்னதைவிடக் கனமான பலகை.

*

பிரேக்கில் இரும்பு உரசும் சத்தம் வந்த பிறகுதான் வண்டியைக் குருமூர்த்தியின் பட்டறைக்கு விட்டாள். மலைப்பாதை முக்கில் இருந்த பட்டறை. காளிதாஸிடம் தொழில் பழகி, தனியாகக் கடை போட்டவன் குருமூர்த்தி. சக்கரங்களைக் கழற்றி உள்ளே இருந்ததை எடுத்துச் சாக்கின்மேல் வைத்தான். வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

"அக்கா, இந்த வண்டியில எப்ப கடைசியா கார் இழுத்தீங்க?"

"முந்தாநேத்து."

"மலையிலருந்தா?"

"பின்ன? கீழ நிக்கற காருக்கு எவன் என்னையக் கூப்புடறான்?"

அவன் சிரிக்கவில்லை. முன்சக்கரத்து டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேடைக் கையில் எடுத்துக் காட்டினான். பிடிக்க வேண்டிய பகுதி முழுவதும் தேய்ந்துபோய்ப் பின்தகடு மட்டும் பளபளத்தது. பின்சக்கரத்து டிரம்முக்குள் அழுத்திப் பிடிக்கும் ஷூவின் மேல் அடித்த லைனிங் வெடித்து, கண்ணாடிபோல வழவழத்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் ஒரு துண்டு உதிர்ந்தது.

"நேத்து இன்னிக்கு இப்படி ஆகலீங்க. ரொம்ப நாளா இப்படித்தான் இருந்திருக்கு. இதுல வண்டிய நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே அக்கா. வெறும் வண்டியே நிக்காது. நீங்க கார வேற தொங்கவிட்டுக்கிட்டு எறங்கியிருக்கீங்க. எப்புடி நின்னுச்சு?"

வெளியே வெயில் கொளுத்தியது. உஷாராணிக்குக் கையில் மயிர் எழுந்து நின்றது. முழங்கைவரை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

"நின்னுச்சு," என்றாள். "புதுசு என்ன இருக்கு, அதக் காட்டு."

அவன் மூன்றைச் சொன்னான். முதலாவது, வண்டியோடு வந்ததே போன்ற கம்பெனிப் பொருள். காய்கறி ஏற்றுகிற பிக்கப்புக்கு அதுவே போதும். இழுவை வண்டிக்குப் பாதி மலையிலேயே சூடேறிக் கையை விரித்துவிடும். இரண்டாவது, பாரவண்டிக்கென்றே வருவது, உலோகத்தூள் கலந்தது. எவ்வளவு சூடேறினாலும் பிடிக்கும். ஆனால் காலையில் வண்டி எடுக்கும்போது கொஞ்சம் மெத்தனம், டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னும், கத்தும். மூன்றாவது, பழைய ஷூவுக்கே புது லைனிங் அடிப்பது.

"அண்ணன் எப்பவும் லைனிங்தான் அடிப்பாரு. ஒரு செட்டு அடிச்சா ரெண்டு வருசம் ஓட்டுவாரு."

"உங்க அண்ணன் காலு வேற தம்பி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. குருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். அவள் சாக்கின் பக்கம் குனிந்துகொண்டாள்.

"கொக்கியில காரத் தூக்கினா வண்டி மூஞ்சி மேல வந்துருதுல்ல. முன்சக்கரத்துக்குப் புடிமானம் கொறஞ்சுரும். அப்ப பாரம் பூரா பின்னாலதான. பின்னாடி ஷூ நல்லதா இருக்கோணும்."

"அதேதானுங்க. எல்லாரும் முன்னாடி பேடப் பாத்துட்டு, ஷூவ ஏனோதானோன்னு உட்டுருவாங்க. இழுவைக்கு அதுதான் தப்பு."

"ரெண்டாவதே போடு. முன்னாடி பின்னாடி நாலுக்கும்."

"கத்துமுங்க."

"கத்தட்டும். கத்தறதெல்லாம் எனக்குப் புதுசா?"

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது டயரோ புதுக் கயிறோ புதுக் கொக்கியோ, மாட்டுவதற்கு முன் ஓனர் கைபட்டு, பூசை போட்டுத்தான் வண்டிக்கு ஏறும். ஓனர் பட்டறைக்கு வர முடியாதே. அதனால் உஷாராணி பெட்டிகளை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

காளிதாஸின் நல்ல கையில் ஒரு ஷூவைக் கொடுத்தாள். அவன் கட்டைவிரலால் லைனிங்கைத் தடவினான். இரண்டு முறை, மூன்று முறை. கண் அவள்மீதே இருந்தது. "ஓல்டான்," என்றான். திரும்ப வாங்கப் போனபோது விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. விரலெல்லாம் சில்லென்றிருந்தன.

பூசையை ஆராயி பார்த்துக்கொண்டாள். அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் புது அரிவாளோ மண்வெட்டியோ கலப்பைக் கொழுவோ வீட்டுக்குள் வந்தால் முதல் வேலை எண்ணெய் வைப்பது. வைக்காத இரும்பு கையை வெட்டும், துருவும் ஏறும். இதுவும் இரும்புதானே. விளக்கெண்ணெயில் துணியை நனைத்து, பேட், ஷூ ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் தேய்த்தாள். கருங்கல்போல இருந்த அந்தப் பொருள் எண்ணெயை உறிஞ்சியது. இத்தனை தாகமா என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மேலே ஈரம் தெரியாமல் உறிஞ்சி முடித்ததும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். உள்ளே படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த உஷாராணி வந்து பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டோடு எல்லாம் பவ்வியமாக வரிசையில் இருந்தன.

மறுநாள் குருமூர்த்தி பொட்டைத் துடைத்துவிட்டு மாட்டினான். ஓட்டிப் பார்த்ததில் பிரேக் கொஞ்சம் வழுக்கியது.

"புது லைனிங் அக்கா. டிரம்மோட ஒத்துப்போற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல செட்டாயிரும்."

அதுவும் பொய்யல்ல. புதியதெல்லாம் அப்படித்தான் இருக்கும். அவள் நம்பினாள்.

*

அந்த வாரம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவீடாக வரும் பிசியோதெரபிப் பெண் வந்தாள். மோனிஷா என்று பெயர். சின்னப் பெண், கறாரானவள். வந்ததும் காலைத்தான் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, குதிகாலப் பாத்தீங்களா?"

குதிகாலில் சிவப்பும் கறுப்பும் கலந்த ஒரு வட்டம். அவள் விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் வெளுக்கவில்லை; உள்ளே சதை கெடத் தொடங்கியிருந்தது.

"மிதிக்கும்போதெல்லாம் பலகையில தேயுது. இவருக்குச் சர்க்கரை இருக்கு. இது உடைஞ்சா லேசுல ஆறாது. எலும்புக்குப் போச்சுன்னா காலையே எடுக்கற மாதிரி ஆயிரும். பலகைய எடுத்திருங்க. உள்ளங்கால்ல எதாவது பட்டாத்தான் இந்த மாதிரி இழுப்பு வரும். டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கித் தரேன். காலு தளர்ந்துரும்."

"மாத்திரை போட்டா மிதிக்கவே மாட்டாருங்களா?"

"அதுக்குத்தானே மாத்திரை?"

ஆராயி வாயைத் திறந்தாள். உஷாராணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மாத்திரை வந்தது. இரண்டு நாள் அதை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் உஷாராணி. இப்படிச் செய்வது மடத்தனம் என்று அவளுக்குத் தெரியும். நோயாளிக்கு எழுதிய மருந்தைக் கொடுக்காமல் வைத்திருப்பவர்களை அவளே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள். வண்டிக்குப் புது பிரேக் போட்டாயிற்று, இனி அவர் கால் ஓய்வெடுக்கட்டும் என்று முடிவு செய்து மூன்றாம் நாள் காலை கொடுத்தாள். அரைமணியில் கால் நனைந்த துணிபோலத் துவண்டது. பலகையை மட்டும் எடுக்கவில்லை. "ஒரு நாளைக்கு இருக்கட்டும்," என்றாள் ஆராயியிடம். ஏன் என்று ஆராயி கேட்கவில்லை.

அன்றே, புது பிரேக் மாட்டிய பிறகு முதல் முறையாக, மலையிலிருந்து போன் வந்தது. கியர் உடைந்த பெரிய கார். குடும்பத்தைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். காரை மட்டும் இறக்க வேண்டும்.

மத்தியானத்திலேயே மேலே பனி இறங்கியிருந்தது. காரைத் தூக்கி மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கண்ணாடியில் பார்த்தால் காரின் முகம் மட்டும் தெரிந்தது. அதன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆளில்லாத சீட். தான் இத்தனை வருடம் உட்கார்ந்து வந்த இடம் அது. பார்க்காமலிருக்க முயன்றாள். ஒவ்வொரு வளைவிலும் கண் அங்கேதான் போயிற்று.

முதல் சில வளைவுகளில் பிரேக் வழுக்கியபடி பிடித்தது. பிறகு வழுக்கியது மட்டும்தான். மிதித்தாள், பிரேக் மிதி இறுகியது, வண்டி கேட்கவில்லை. கியரைக் குறைத்தாள். எஞ்சின் அலறியது. பின்னாலிருக்கும் காரின் பாரம் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அதுவும் பிடிப்பது பின்சக்கரத்து அதே ஷூக்களைத்தான். ஒன்றும் ஆகவில்லை.

அப்போது வாசனை வந்தது. பிரேக் கருகும் நாற்றம் அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. கோயிலில் விளக்கு அணைந்ததும் திரியிலிருந்து வருமே, அந்த வாசனை. பனிக்குள் பின்சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்து கண்ணாடியை மறைத்தது. புகைக்குள் காரின் காலி சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தது. புகை விலகினால் யாருமில்லை.

அடுத்த வளைவில் கைப்பிடிச் சுவர் தெரிந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. மலைப்பக்கச் சாக்கடையில் வண்டியை உரசவிட ஸ்டியரிங்கை ஒடித்தாள். இரண்டு காலையும் சேர்த்து மிதிமேல் வைத்து எழுந்து நின்றாள்.

மிதி அவள் காலுக்கடியிலிருந்து விலகி இன்னும் கீழே போயிற்று.

அவள் அழுத்தி அல்ல. அவள் எடை முழுவதும் ஏற்கெனவே அதன்மேல்தான் இருந்தது. அதற்கும் மேலே ஒரு மிதி, பழகிய மிதி, முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் விட்டு, பிறகு முழுதாக. பின்னால் செத்த காரில் உட்கார்ந்து சிவப்பு விளக்காக அவள் பார்த்த அதே மிதி. சக்கரங்கள் ஓலமிட்டன. வண்டி சாக்கடைக் கல்லைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

எல்லாம் அடங்கியபோது பனிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவள் இரண்டு காலையும் மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். மிதி மேலே வரவில்லை. சற்று நேரம் கழித்து, யாரோ காலை எடுப்பதுபோல, மெதுவாக எழுந்து வந்தது.

*

குருமூர்த்தி பைக்கில் மேலே வந்து, அங்கேயே டிரம்மைக் கழற்றினான். மோந்து பார்த்தான். விரலில் தொட்டுப் பார்த்தான்.

"இதுல விளக்கெண்ணெய் எப்புடிங்க வந்துச்சு?"

உஷாராணிக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, புரிந்துவிட்டது. குருமூர்த்தி காரணமும் சொன்னான். ஊறியிருந்த எண்ணெய் சூட்டில் எரிந்து தீர்ந்ததும் லைனிங் தானாகப் பிடித்திருக்கிறது. சரியான நேரத்தில் தீர்ந்தது அவள் அதிர்ஷ்டம். அவள் தலையாட்டினாள். அப்படியும் இருக்கலாம்.

வீட்டில் ஆராயி கையில் ரத்தத் துணியோடு நின்றாள்.

"துவண்டுதான் கெடந்துச்சு சாமி. சோறூட்டிக்கிட்டு இருந்தேன். ஒரேயடியா எந்திரிச்சு மிதிச்சான் பாரு, பலகையே பேந்து அந்தச் செவுத்துல போயி உழுந்துருச்சு."

குதிகால் தோல் வழன்று, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. உஷாராணி உப்புத் தண்ணீரில் கழுவினாள், ஈரம் ஒற்றி எடுத்தாள், கட்டுப் போட்டாள். காளிதாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மோனிஷாவுக்குப் போன் செய்தாள். முதல் நாள் மாத்திரை அவ்வளவுதான் கேட்கும், அதனால்தான் பலகையை எடுக்கச் சொன்னேன் என்று அவள் திட்டினாள். திட்டு நியாயமானது. உஷாராணி வாங்கிக்கொண்டாள்.

எண்ணெய் விஷயத்துக்கு ஆராயி அசரவில்லை. "புது இரும்புக்கு எண்ணெய் வெக்காம அப்புடியே பூட்டுவாங்களா? இதென்ன ஊரு?"

கூடவே வீட்டுக்கு வந்திருந்த குருமூர்த்தி தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, அருவாளுக்கு வழுக்கோணும். இதுக்கு வழுக்கக்கூடாதுங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?" என்றாள். ஆனால் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. தம்பியின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பவும் அதே செட்டுதான் வாங்கினாள் உஷாராணி. பொருளில் குற்றமில்லையே. இந்த முறை பெட்டி பட்டறையில் பிரிந்து, நேராகச் சக்கரத்துக்குப் போயிற்று. பொட்டாவது வைக்கிறேன் என்று வந்த ஆராயியை டயர்மேல் வைக்கச் சொன்னாள். பலகையை விறகுக்கு உடைத்தாள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை எதிலும் படாமல் அந்தரத்தில் நிறுத்தினாள். இனி மிதிக்க ஒன்றுமில்லை.

பிரேக் அருமையாகப் பிடித்தது. கத்தியது, பிடித்தது. ஆனால் அவள் மலையிலிருந்து ஒரு காரை இறக்கிக்கொண்டு வந்த அன்று, கட்டு நழுவிப் புண் மறுபடி கசிந்திருந்தது. பலகை இல்லாத கால் காற்றை மிதித்து, தலையணையைத் தள்ளிவிட்டு, கட்டில் சட்டத்தில் மோதியிருந்தது. அடுத்த முறையும் அதேதான். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். மலைக்குப் போகாத நாளில் கால் துவண்டு கிடந்தது. போன நாளில் மிதித்தது.

"மலையே வேண்டாம், உட்டுரு," என்றாள் ஆராயி.

"உட்டுட்டு? மருந்துக்கு உங்க மரவள்ளிக் கிழங்க வித்துக் குடுப்பீங்களா?"

இருவரும் சேர்ந்து கட்டு மாற்றினார்கள். புண்ணின் ஓரம் வெளுத்திருந்தது. மோனிஷா பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரத்தில் மூட ஆரம்பிக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். கூட்டிப்போனால் காலோடு திரும்புவானா என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஒரு வேன் கிடைத்தது. கொக்கியில் மாட்டி இறக்கத்துக்கு வந்தாள். முதல் வளைவு. பிரேக்குக்காகக் காலைக் கொண்டுபோனாள். மிதி வழக்கமான இடத்தில் இல்லை. ஏற்கெனவே கீழே போயிருந்தது. அவள் உள்ளங்கால் அதன்மேல் படிந்தபோது, இரும்பின்மேல் வைத்ததுபோல இல்லை. இன்னொரு பாதத்தின்மேல் வைத்ததுபோல இருந்தது.

சட்டென்று காலை எடுத்துவிட்டாள். பயத்தில் அல்ல. புண்ணுள்ள காலை மிதிப்பார்களா யாராவது?

அவள் மிதிக்காமலே வண்டி ஓரமாக நின்றது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிரேக்குக்கு வேலை இருந்தால்தானே அவர் மிதிப்பார்? வேலையே வைக்காவிட்டால்? முதல் கியரைப் போட்டாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நடந்துபோகிற ஆளின் வேகத்தில் ஊர்ந்தது. பாரம் இழுக்கிறவள் முதலிலிருந்தே இப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும். காளிதாஸ் பிரேக்கை நம்பி இறங்கியவன். அவனைப் பார்த்துப் பழகியதால் அவளும் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று கட்டு நழுவவில்லை. ஆராயி சொன்னாள், கால் ஒரே ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் முதல் கியரில்தான் இறங்குகிறாள். பின்னால் கார்கள் வால்போலச் சேர்ந்துவிடுகின்றன. ஆரன் அடிக்கிறார்கள். முந்திப் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, "யக்கா, எறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்கிறார்கள். "தள்ளுப்பா, டீ வாங்கித் தாரேன்," என்கிறாள். குதிகாலில் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் வளர்ந்து வருகிறது. மோனிஷா ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்து, மாத்திரை வேலை செய்கிறது என்கிறாள். உஷாராணி மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை.

நேற்று பனி அதிகம். கடைசி வளைவுக்கு முன்னால் ரோட்டில் மாடு ஒன்று படுத்திருந்தது. வண்டி ஊர்ந்துதான் வந்துகொண்டிருந்தது, நிற்க நிறைய இடமிருந்தது. அவள் கால் இன்னும் தரையில்தான் இருந்தது. மிதி மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

"உடுங்க," என்றாள் உஷாராணி. "நான் பாத்துக்கறேன்."

மிதி நின்றது. பிறகு மேலே வந்தது. அவள் அதன்மேல் தன் காலை வைத்து அழுத்தினாள். அடியில் வெறும் இரும்புதான் இருந்தது.